வேகம் காதில்தான் இருந்தது: பழைய வீட்டுக் கணினி ரேஸ் கேம்களை அவற்றின் ஒலிச் சிப்போடு மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ரேஸ் கேம் ஒன்றை இன்று யூடியூபில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். சாலை தத்தித் தத்தி வருகிறது, ஓரத்துக் கம்பங்கள் விட்டுவிட்டுத் தாவுகின்றன, கார் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கிறது. சத்தத்தைத் திறந்ததும் அதே காட்சி பறக்கத் தொடங்கும். 1980-களின் வீட்டுக் கணினிகளில் பல கேம்களால் ஒரு நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் வரைய முடியவில்லை. மீதி வேகத்தை எஞ்சின் உறுமல்தான் நமக்கு ஊட்டியது. கியர் மாற்ற வேண்டிய நொடியைக் கண் சொல்லவில்லை, காதுதான் சொன்னது.

அதனால் இந்த கேம்களுக்குத் திரும்ப நினைப்பவர்கள் படத்தைச் சரிசெய்வதில் தொடங்காதீர்கள் என்பேன். பழைய டிவி போலக் கோடு போடும் ஃபில்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒலியைச் சரியாக்குங்கள். என் கைக்குச் சரிப்பட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எந்த இயந்திரம் என்பதை ஒலிச் சிப்பை வைத்து முடிவுசெய்யுங்கள்

எஞ்சின் சத்தம் ஒலிச் சிப்புக்குக் கடினமான பாடம். துப்பாக்கிச் சத்தம் கால் நொடியில் முடிந்துவிடும். எஞ்சினோ பந்தயம் முழுக்க நிற்காமல் ஒலிக்க வேண்டும், ஐடிலிங்கில் தாழ்வாக, முழு ஆக்ஸிலரேட்டரில் உச்சமாக, இடையில் படி தெரியாமல் ஏறி இறங்க வேண்டும். சிப் ஒரே நேரத்தில் எழுப்பக்கூடிய மூன்று நான்கு ஒலிகளில், அதாவது குரல்களில், ஒன்றை அது முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு சிப்பின் பலமும் பலவீனமும் ரேஸ் கேமில் வெளிப்படுவதுபோல் வேறு எதிலும் வெளிப்படாது.

48கே ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் ஒலிச் சிப்பே கிடையாது. ஸ்பீக்கரை இழுக்கவும் தள்ளவும் ஒரே ஒரு பிட். சத்தம் வேண்டுமானால் 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஸெட்80 செயலியே அந்த பிட்டை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் அதனால் சாலையை வரைய முடியாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அவசரமாகச் செருகிய 'டுர்' துண்டுகளே அங்கே எஞ்சின். கரகரப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கரகரப்புக்குப் பின்னால் ஒரு செயலி மூச்சிரைக்க ஓடுவது தெரிந்தபின் எனக்கு அதன்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

128கே ஸ்பெக்ட்ரமிலும் ஆம்ஸ்ட்ராட் சிபிசியிலும் இருந்தது ஏஒய்-3-8912. மூன்று சதுர அலைக் குரல்கள், ஒரு இரைச்சல் ஊற்று, மூன்றுக்கும் பொதுவாக, ஒலியின் ஏற்ற இறக்கத்தை வகுக்கும் ஒரே ஒரு என்வலப். அந்த என்வலப்பை மிக வேகமாகச் சுழலவிட்டால் அதுவே ரம்பப்பல் அலையாக மாறி அடித்தொண்டையில் உறுமும். சிப்பைச் செய்தவர்கள் ஒலி ஏறி இறங்க வைத்த வசதியை நிரலர்கள் ஒலியாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

பிபிசி மைக்ரோவின் எஸ்என்76489 கதை இன்னும் சுவையானது. மூன்று சதுர அலைக் குரல்கள், ஒரு இரைச்சல் குரல். அதன் கடிகாரம் 4 மெகாஹெர்ட்ஸ், சுருதியைக் குறிக்க 10 பிட் மட்டும். கணக்குப் போட்டால் சதுர அலை இறங்கக்கூடிய அடிமட்டம் சுமார் 122 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 122 ஹெர்ட்ஸ் என்றால் அது 3,660 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). அதாவது இந்தச் சிப்பின் சாதாரணக் குரலால் ஐடிலிங் சத்தமே எழுப்ப முடியாது! வழி இரைச்சல் குரலில் ஒளிந்திருந்தது. அதற்கு 'சீரான இரைச்சல்' என்று ஒரு நிலை உண்டு. 15 துடிப்புக்கு ஒருமுறை மட்டும் குச்சிபோல் ஒரு துடிப்பு வரும். சுருதி 15 மடங்கு கீழே போய்விடும், மெல்லிய துடிப்பு என்பதால் சைலன்சர் இல்லாத வண்டிபோல் அறுக்கும். அதன் வேகத்தை ஒரு சதுர அலைக் குரலே ஓட்டவும் முடியும். பிபிசி மைக்ரோவின் நிரல்மொழியான பேசிக் தெரிந்தவர்கள் சவுண்ட் கட்டளையில் சேனல் 0, சுருதி 3 என்று கொடுத்து, சேனல் 1-இன் சுருதியை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஒரு எஞ்சின் உயிர்பெறும்.

அட்டாரி 8-பிட் கணினிகளின் போக்கியில் நான்கு குரல்கள். பல நீளங்களில் இரைச்சல் எண்ணிகள் இருப்பதால் தூய சுருதிக்கும் இரைச்சலுக்கும் நடுவில் கடகடக்கும் ஒலிகள் நிறையக் கிடைக்கும். எஞ்சினுக்கு அவையே வேண்டும். வடிவமைத்தவர் டக் நியூபாவர். இதில் ஒரு அழகு உண்டு. போக்கி என்ற பெயரே திருகுமானி, விசைப்பலகை என்ற இரண்டின் ஆங்கிலச் சொற்களிலிருந்து வெட்டி ஒட்டியது. திருகிச் சுழற்றும் பேடில் கட்டுப்பாட்டைப் படித்ததும் அதே சிப். கமடோர் 64-லும் அப்படியே, பேடிலின் நிலையைப் படிப்பது ஒலிச் சிப்தான். பேடிலை ஸ்டீயரிங்காக வைத்து ஓட்டினால் திருப்பத்தை வாங்கிக்கொண்டதும் உறுமலைக் கொடுத்ததும் ஒரே கறுப்புச் சில்லு.

கமடோர் 64 வந்தது 1982-இல். அதன் சிட் சிப்பைப் படைத்த பாப் யேன்ஸ் பின்னாளில் என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் கேம் பொம்மைக்குச் சத்தம் செய்யவில்லை, சிந்தசைசர் செய்தார். மூன்று குரல்கள், ஒவ்வொன்றிலும் முக்கோணம், ரம்பப்பல், பல்ஸ், இரைச்சல் என நான்கு அலைகள், ஒவ்வொரு குரலுக்கும் தனி என்வலப். எல்லாவற்றுக்கும் மேல், ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஒரு ஃபில்டர். ரம்பப்பல் அலையை ஃபில்டர் வழியே அனுப்பி, ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஃபில்டரைத் திறந்தால் பானட்டைத் திறந்து எஞ்சினுக்குள் தலையை நீட்டியதுபோல் இருக்கும். எதில் தொடங்குவது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அமிகாவின் பவுலா வேறு சாதி. அலையை உருவாக்காது, பதிவுசெய்த 8-பிட் ஒலித்துண்டுகளை நான்கு சேனல்களில் ஓட்டும். எஞ்சினை ஒரு சிறு துண்டாகப் பதிந்து, முனையோடு முனை சேர்த்துச் சுழலவிட்டு, ஓடும் வேகத்தை மட்டும் மாற்றுவார்கள். அடிமட்டத்தில் நிஜக் கார். மேலே போகப்போக அதே துண்டு இழுபட்டுக் கொசு ரீங்காரமாகும். நடுவேகத்தில்தான் அதன் அழகு.

படி 2: எமுலேட்டரும் 50 ஹெர்ட்ஸும்

பழைய கணினியை இன்றைய கணினிக்குள் போலச் செய்யும் நிரல்தான் எமுலேட்டர். கமடோர் 64-க்கு வைஸ், ஸ்பெக்ட்ரமுக்கு ஃபியூஸ், அட்டாரி 8-பிட்டுக்கு ஆல்டிரா, அமிகாவுக்கு எஃப்எஸ்-யுஏஇ அல்லது வின்யுஏஇ. பிபிசி மைக்ரோவுக்கு ஜேஎஸ்பீப் என்பது பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். கேம்களுக்குப் பெரும்பாலும் இன்னும் காப்புரிமை உண்டு, உங்களிடம் உள்ள பிரதியிலிருந்தோ உரிமத்தோடு விற்கும் தொகுப்பிலிருந்தோ எடுங்கள்.

வைஸில் நுழைந்ததும் இயந்திர வகை பால் (ஐரோப்பிய டிவி முறை) என்றிருக்கிறதா பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். ஐரோப்பாவில் எழுதிய கேம்கள் நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கும் திரையை நம்பி எழுதப்பட்டவை, இசையும் அந்தத் துடிப்பிலேயே நடக்கும். அதை 60 ஹெர்ட்ஸ் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) இயந்திரத்தில் ஓட்டினால் பாட்டு ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். கூடவே சுருதியும் ஏறும். பால் கமடோரின் கடிகாரம் 9,85,248 ஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியுடையது 10,22,727. வித்தியாசம் பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 'நான் கேட்ட பாட்டு இது இல்லையே' என்று தோன்றினால் ஞாபகத்தைச் சந்தேகிக்காதீர்கள், இந்த அமைப்பைச் சந்தேகியுங்கள். அமெரிக்காவில் எழுதிய கேம்களுக்கு இது தலைகீழ்.

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நிலையாக நின்றால் 50 ஹெர்ட்ஸ் கேம் அவ்வப்போது தடுக்கும். புதுப்பிப்பு வேகம் மாறக்கூடிய மானிட்டர் இருந்தால் அந்த வசதியை இயக்குங்கள். இல்லாவிட்டாலும் கேமை 60-க்கு மாற்றாதீர்கள். படம் தடுக்கினால் கண் பொறுத்துக்கொள்ளும்.

படி 3: சரியான சிட், சரியான காது

கமடோர் 64-க்குள் இரண்டு சிட்கள் இருந்தன. முதலில் 6581, 80-களின் பிற்பாதியில் 8580. இரண்டும் அண்ணன் தம்பி, ஆனால் குரல் வேறு. 6581-இன் ஃபில்டர் இருண்டது, சற்றே சிதைக்கும், சிப்புக்குச் சிப் மாறும். ஒரே மதிப்பைக் கொடுத்தால் ஒரு வீட்டுக் கணினியில் ஒலி திறந்து கேட்கும், இன்னொன்றில் கம்பளி போர்த்தியதுபோல் கேட்கும். 8580 தெளிவானது, கணக்குத் தவறாதது.

சாம்பிள் ஒலியில், அதாவது பதிவுசெய்த ஒலித்துண்டில், இந்த வேறுபாடு பூதாகரமாகும். பேச்சு, டிரம் போன்றவற்றை சிட்டில் ஒலிக்க ஒரு குறுக்குவழி இருந்தது. மொத்த வால்யூமைக் காட்டும் 4 பிட் பதிவேட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாற்றுவார்கள். 6581-இல் அப்படி மாற்றும்போது எழும் 'டிக்' ஓசைகள் சேர்ந்து சாம்பிளாகக் கேட்கும். 8580-இல் அந்தக் கசிவைச் சரிசெய்துவிட்டார்கள், அதனால் சாம்பிள் முணுமுணுப்பாகிவிடும். 1989-இல் வந்த டர்போ அவுட்ரன் கமடோர் பதிப்பின் இசை யெரூன் டெல்லுடையது, சாம்பிள்கள் தெறிக்கும். அதை இரண்டு மாடலிலும் ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

வைஸில் ஒலி அமைப்புக்குப் போய், சிட்டைப் போலச் செய்யும் நிரலாக ரீசிட்டைத் தேர்ந்தெடுங்கள். மாடல் 6581. மாதிரியெடுக்கும் முறையில் 'வேகமான' என்பதை விட்டு 'ரீசாம்பிளிங்' வையுங்கள், இல்லாவிட்டால் உச்ச ஒலிகளில் இல்லாத கீச்சு சேரும். 8580 வேண்டும், சாம்பிளும் கேட்க வேண்டும் என்றால் டிஜி பூஸ்ட் உள்ள தேர்வு இருக்கிறது.

ஒலித் தாமதத்தை, உங்கள் கணினி வெடிப்போசை இல்லாமல் தாங்கும் அளவுக்குக் குறையுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபின் உறுமல் தாமதித்து வந்தால் முழு மாயமும் கலைந்துவிடும், காதை நம்பிக் கியர் மாற்றவும் முடியாது. கம்பி ஹெட்ஃபோனே போதும்.

அமிகாவுக்கு இரண்டு சொல். பவுலாவின் இரண்டு சேனல்கள் முழுக்க இடதுபுறம், இரண்டு முழுக்க வலதுபுறம். ஹெட்ஃபோனில் தலை பிளப்பதுபோல் இருக்கும், எமுலேட்டரில் இரு பக்கத்தையும் ஓரளவு கலக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அமிகா 500-இன் பவர் விளக்கு மங்கினால் உச்ச ஒலிகளைக் குறைக்கும் கீழ்நிலை ஃபில்டர் அணைந்தது என்று பொருள். அந்த விளக்கையும் ஃபில்டரையும் ஒரே கம்பியில் கட்டியிருந்தார்கள். எமுலேட்டரில் இதைத் தானியங்கி நிலையில் விட்டுவிடுங்கள், கேம் தானே முடிவுசெய்யும்.

படி 4: எதை ஓட்டுவது, எதைக் கேட்பது

முதலில் ரெவ்ஸ். ஜெஃப் கிராமண்ட் பிபிசி மைக்ரோவுக்கு எழுதியது, வெளியிட்டது ஏகார்ன்சாஃப்ட். 32 கேபி நினைவகத்துக்குள் ஃபார்முலா 3 காரும் சில்வர்ஸ்டோன் தடமும். இதை ஓட்டும்போது ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கவே பார்க்காதீர்கள். சத்தம் எங்கே திணறுகிறதோ அங்கே கியரை ஏற்றுங்கள். பத்துச் சுற்றுக்குள் கை தானாகப் பழகிவிடும். பிறகு இதன் கமடோர் பதிப்பையும் ஓட்டுங்கள். ஒரே கார், வேறு தொண்டை.

அடுத்து பிட்ஸ்டாப் 2, 1984, எபிக்ஸ். திரையை இரண்டாகப் பிளந்து இருவர் ஓட்டலாம். நண்பரோடு உட்கார்ந்து, மூன்று குரல்கள் இரண்டு கார்களுக்கு எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று காதால் தேடுங்கள். ஒருவர் நின்றுகொண்டு மற்றவர் மட்டும் ஓட்டினால் எளிதில் பிடிபடும்.

அமிகாவில் லோட்டஸ் டர்போ சேலஞ்ச் 2, 1991. தலைப்பு இசை பாரி லீட்சுடையது, தடதடவென்று ரத்தத்தைச் சூடாக்கும். பந்தயம் தொடங்கியதும் இசை நின்று எஞ்சினும் காற்றும் மட்டும் மிஞ்சும். இந்த வகைக் கேம்கள் எல்லாவற்றுக்கும் இருந்த கேள்வி இது: இருக்கும் சேனல்களைப் பாட்டுக்குக் கொடுப்பதா, எஞ்சினுக்குக் கொடுப்பதா? என் மனம் எஞ்சின் பக்கம்தான். பாட்டை நிறுத்தும் துணிச்சல் இருந்த கேம்களில்தான் திருப்பத்தில் டயர் நழுவுவதைக் காது முன்கூட்டியே பிடித்தது. பாரி லீட்சைப் பிடித்துப்போனால் 2015-இல் வந்த ஹொரைசன் சேஸையும் கேளுங்கள், அதே கை.

ஸ்டண்ட் கார் ரேசரும் கிராமண்டுடையதே, 1989. கார் காற்றில் எழும்பும் நொடியில் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்.

காசு போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரத்தின் அவுட் ரன்னை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்த யுஎஸ் கோல்ட் நிறுவனம், பெட்டிக்குள் ஆர்கேடு இசை பதிந்த ஆடியோ கேசட் ஒன்றையும் வைத்தது. 48கே ஸ்பெக்ட்ரமின் ஒற்றை பிட் ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரில் அந்தப் பாட்டை ஓடவிட்டுக் கார் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தை மீட்க எந்த எமுலேட்டரும் வேண்டாம், பக்கத்தில் ஒரு போன் போதும்.

கேமை ஓட்டாமல் இசையை மட்டும் ஆராய விரும்பினால் ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷனில் 50,000-க்கும் மேற்பட்ட சிட் பாடல்கள் இருக்கின்றன. குரல்களைத் தனித்தனியே அடைக்க விடும் பிளேயரில் போட்டு, இரண்டை அடைத்து ஒன்றை மட்டும் கேளுங்கள். தனியே கேட்டால் குழந்தை கிறுக்கியதுபோல் இருக்கும் ஒரு குரல், மூன்றும் சேரும்போது பேஸாகவும் டிரம்மாகவும் மாறி மாறி நிற்பது கேட்கும்.

படி 5: பழைய இயந்திரமே கையில் இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விளையாட வேண்டாம். கமடோர் 64-இன் அசல் பவர் சப்ளையைச் சோதிக்காமல் சொருகாதீர்கள். அது முதுமையில் 5 வோல்ட்டைத் தாண்டி அனுப்பி நினைவகச் சிப்களைச் சுட்டுவிடும். புதிதாகச் செய்த சப்ளை வாங்கிக்கொள்ளுங்கள். 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட், ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே வைக்கக் கூடாது. ஃபில்டர் கெபாசிட்டர்களும் வேறு. சிட் செத்துப்போயிருந்தால் ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் போன்ற மாற்றுச் சிப்கள் கிடைக்கின்றன.

படி 6: நீங்களே ஒரு எஞ்சின் செய்யுங்கள்

இதுவரை கேட்டோம், இனி கையை விடுவோம். வைஸில் கமடோர் பேசிக் திரை திறந்ததும், நினைவக முகவரி ஒன்றில் எண்ணை எழுதும் போக் கட்டளையில் தொடங்கலாம். முதலில் 54272 முதல் 54296 வரை எல்லா முகவரிகளிலும் 0 போட்டுத் துடைத்துவிடுங்கள்.

54278-இல் 240 போடுங்கள், ஒலி மங்காமல் முழு அளவில் நிற்கும். 54295-இல் 1, முதல் குரல் ஃபில்டர் வழியே போகும். 54296-இல் 31, அதாவது கீழ்நிலை ஃபில்டரும் முழு வால்யூமும். 54294-இல் 40, ஃபில்டரின் திறப்பு. 54276-இல் 33 போட்டால் ரம்பப்பல் அலை தொடங்கும். சுருதி இன்னும் 0 என்பதால் ஒன்றும் கேட்காது.

இப்போது ஆர்பிஎம். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஆர்பிஎம்-ஐ 30-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். பால் இயந்திரத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கு சிட் கேட்கும் எண் சுமார் 17.03. இரண்டையும் சேர்த்தால் ஆர்பிஎம்-ஐ 0.5676-ஆல் பெருக்குவதுதான் முழுக் கணக்கு. 3,000 ஆர்பிஎம் என்றால் 1,703. அதை 256-ஆல் வகுத்து, ஈவு 6-ஐ 54273-லும், மீதி 167-ஐ 54272-லும் போடுங்கள். 100 ஹெர்ட்ஸில் ஒரு எஞ்சின் உங்கள் அறைக்குள் நிற்கும்.

ஆனால் அது ஒரே சீராக, உயிரில்லாமல் இருக்கும். இரண்டாவது குரலையும் அதே அலையில் எழுப்புங்கள்: 54285-இல் 240, 54283-இல் 33, சுருதிக்கு 54280-இல் 6, 54279-இல் 180. முதல் குரலைவிட 13 மட்டும் கூடுதல். 54295-ஐ 3 ஆக்குங்கள். இரண்டு அலைகளும் நொடிக்கு ஒரு தடவைக்கும் சற்றுக் குறைவாக உரசி விலகும், எஞ்சின் மூச்சுவிடத் தொடங்கும்.

அடுத்தது கியர். ஒரு மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு இத்தனை ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் கியரில் 120, இரண்டாவதில் 75, மூன்றாவதில் 52, நான்காவதில் 40. வேகத்தை 10-இலிருந்து ஏற்றுங்கள். 50-இல் முதல் கியர் 6,000 ஆர்பிஎம்மைத் தொடும். கியர் மாறினால் அதே 50-இல் 3,750. அந்த விழுகைதான் எல்லா ரேஸ் கேம்களிலும் நம் முதுகெலும்பைச் சிலிர்க்க வைத்தது. மேல் கியர்களில் வேகம் கூடும் அளவைச் சிறிதாக்குங்கள், ஏற்றம் மெதுவானால்தான் கனமான கார்போல் கேட்கும். கியர் மாறும் நொடியில் 54294-ஐ 10-க்கு இறக்கி உடனே மீட்டுவிடுங்கள், கிளட்ச் மிதித்ததுபோல் ஒலி அமுங்கி எழும். ஆர்பிஎம் ஏற ஏற அதே முகவரியில் 25-இலிருந்து 90 வரை ஏற்றினால் தொண்டை திறக்கும். இந்த எண்கள் என் காதுக்குப் பிடித்தவை, உங்களுடையது மாறலாம்.

சிட்டின் இந்தப் பதிவேடுகளில் எழுதத்தான் முடியும், எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது. அதனால் வேகம், கியர், ஆர்பிஎம் மூன்றையும் உங்கள் மாறிகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரளையில் ஏறும் சத்தத்துக்கு மூன்றாவது குரல்: 54292-இல் 240, 54287-இல் 40, 54290-இல் 129 இரைச்சலைத் திறக்கும், 128 மூடும்.

கடைசியாக ஜாய்ஸ்டிக்கைச் சேருங்கள். 56320-இல் உள்ள எண்ணை பீக் கட்டளையால் படித்து, 16-உடன் 'அண்ட்' போட்டால், இரண்டாவது போர்ட்டின் ஃபயர் பொத்தான் அழுந்தியிருக்கும்போது விடை 0. விடை 0 என்றால் வேகத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் 10-க்குக் கீழே போகாமல் குறையுங்கள். நிரலை ஓட்டி, திரையைப் பார்க்காமல் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். நான்காவது கியர் வரை போய்விட்டு விரலை எடுங்கள். உறுமல் தணிந்து, கியர் கியராக இறங்கி, 1,200 ஆர்பிஎம்மில் வந்து நின்று முனகும். திரையில் ஒரு சாலையும் இருக்காது. பேசிக் நிரலின் வரிகள் மட்டும் நீல நிறத்தில் நின்றுகொண்டிருக்கும்.